துணை நாயோடு வரும் பயணி: வாசகர் கேள்வி – பதில்

பேருந்து, தொடர்வண்டி, வாடகைக் கார், விமானம் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளின் துணை விலங்குகளை அனுமதிப்பது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து அண்மையில் வழிகாட்டி நாய் ஒன்றைப் பெற்றேன். முதல் முறை பேருந்தில் ஏறப் போனபோது, “நீங்கள் ஏறிக்கொள்ளலாம், நாயை ஏற்ற முடியாது” என்று நடத்துநர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார், அதனாலேயே எனக்கு வாதிடத் தோன்றவில்லை. நான் கேட்பது உரிமையா, சலுகையா?

பதில்: உரிமையைத்தான் கேட்கிறீர்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒருவரிடம், “நீங்கள் ஏறலாம், நாற்காலி மட்டும் கீழே இருக்கட்டும்” என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அதன் கொடுமை அருகில் நிற்பவர்களுக்கு உடனே புரிந்துவிடும். நாயைப் பொறுத்தவரை அது அவ்வளவு எளிதாகப் புரிவதில்லை. வீட்டில் வளர்க்கும் செல்லப் பிராணியாகவும், தெருவில் திரியும் விலங்காகவும் மட்டுமே நாயை அறிந்தவர்கள், ஒருவரின் நடமாட்டமே அதன் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியைச் சார்ந்திருக்கிறது என்பதைக் காணத் தவறிவிடுகிறார்கள். அந்த நடத்துநருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய மரியாதையால் உங்கள் பயணம் நடந்துவிடவில்லை.

உங்களுக்கு நேர்ந்தது புதிதும் அன்று. முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அத்தகைய நாய்களைப் பற்றி 1927இல் அமெரிக்க வார இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையைத் தந்தை வாசித்துக் காட்டக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், அதை எழுதிய டாரதி யூஸ்டிஸ் என்ற பெண்மணிக்குக் கடிதம் எழுதி, சுவிட்சர்லாந்துக்குச் சென்று பயிற்சி பெற்று, 1928இல் ‘படி’ (Buddy) என்ற நாயுடன் நாடு திரும்பினார். நியூயார்க்கில் வாகனங்கள் விரையும் அகன்ற சாலையொன்றைச் செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் அந்த நாயுடன் கடந்து காட்டினார். சாலையைக் கடக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. தொடர்வண்டிப் பெட்டிக்குள் நாயுடன் உட்காரப் பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. நாயைச் சரக்குப் பெட்டியில் கட்டச் சொன்ன காலம் அது. அமெரிக்கத் தொடர்வண்டி நிறுவனங்கள் வழிகாட்டி நாய்களைப் பயணிகளுடனேயே அனுமதிக்கும் நிலை 1930களின் நடுவில்தான் உருவாயிற்று. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நாயைப் பழக்குவது எப்படி என்பதை மனிதர்கள் விரைவாகவே கற்றுக்கொண்டார்கள். வாகனத்தின் கதவைத் திறந்துவிடத்தான் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் பல இடங்களில் இன்னமும் தீரவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சான்று.

சட்டத்தின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, போக்குவரத்து மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 20ஆவது பிரிவு, அவர்கள் தாமே நடமாடுவதற்கு உதவும் கருவிகளோடு உயிருள்ள துணைகளும் கிடைக்க வழிசெய்யுமாறு அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால், நாயைக் கொடுத்துவிட்டு வாகனத்தை மறுப்பதற்கு இடமில்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த போக்குவரத்து விதிகளும், ஜப்பானில் 2002இல் இதற்கென்றே இயற்றப்பட்ட துணை நாய்கள் சட்டமும் வாகனங்களில் அனுமதியை வெளிப்படையாகவே கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டத்தில் நாய் என்ற சொல் தனியாக இல்லாவிட்டாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான பாகுபாட்டுத் தடை இருந்தால் அதையே அடிப்படையாகக் கொண்டு முறையிடலாம்.

முறையீட்டில் வண்டியின் தட எண், நாள், நேரம், ஏற முயன்ற நிறுத்தம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். நடத்துநரைத் தண்டிக்கக் கோருவதைவிட, எல்லாப் பணியாளர்களுக்கும் எழுத்தில் ஓர் ஆணை அனுப்பும்படி கோருவது உங்களுக்கும் உங்களுக்குப் பின் வருபவர்களுக்கும் கூடுதலாகப் பயன்படும். நாய் எந்தப் பயிற்சியைப் பெற்றது என்பதைக் கூறும் கடிதத்தைப் பயிற்சி நிலையத்திடம் கேட்டு வாங்கி, அதன் படியை இணைத்து அனுப்புங்கள். நீங்கள் அன்றாடம் ஏறும் தடத்தின் பணிமனைக்குப் பயிற்சியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போய்வர முடிந்தால் அதையும் செய்யுங்கள். இவ்வளவையும் நீங்கள் செய்ய நேர்வது நியாயமன்று என்பதை அறிந்தே சொல்கிறேன். நாளை ஏற்றுவார்களா மாட்டார்களா என்று தெரியாத ஒருவரால் ஒரு வேலையை நம்பி ஒப்புக்கொள்ள முடியாது, மருத்துவருக்கு நேரம் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையை எவ்வளவு விரைவில் நீக்கிக்கொள்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கேள்வி: நான் பேருந்து நடத்துநர். உண்மையான துணை நாய் எது, வெறுமனே ஒரு மேலங்கியை மாட்டிக் கூட்டிவரும் வளர்ப்பு நாய் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏற்றினால் மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள், மறுத்தால் புகார் வருகிறது.

பதில்: உங்கள் இக்கட்டு எனக்குப் புரிகிறது. உரிய பயிற்சியும் எழுத்துமூலமான விதியும் தராமல், முடிவை மட்டும் உங்கள் தலையில் சுமத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதால்தான் இது சண்டையாக மாறுகிறது.

நாடுகள் இதற்கு இரண்டு விதமாக வழி கண்டிருக்கின்றன. ஜப்பானில் நாய்க்கு முறையான சான்றளிப்பு உண்டு. வழிகாட்டி நாய், செவித்துணை நாய், உடலியக்கத் துணை நாய் என மூவகையாகப் பிரித்து, சான்று எண்ணுள்ள அடையாளத்தை நாயின் மேல் தெரியும்படி அணிவிக்கிறார்கள். உடல்நலப் பதிவேட்டையும் உரிமையாளர் உடன் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு நேர்மாறாக, பேருந்து, தொடர்வண்டி போன்றவற்றில் சான்றிதழ் கேட்கவே கூடாது. ஊழியர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: மாற்றுத்திறனின் காரணமாக இந்த விலங்கு உங்களுக்குத் தேவைப்படுகிறதா, எந்தப் பணியைச் செய்ய அதற்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. என்ன நோய், என்ன குறைபாடு என்று விசாரிக்கவோ, அந்தப் பணியைச் செய்து காட்டச் சொல்லவோ அனுமதியில்லை. இரண்டு முறைகளிலும் நன்மை உண்டு. அட்டை முறை ஊழியருக்கு எளிது. ஆனால் சான்று வழங்கும் நிலையங்கள் குறைவாக உள்ள நாட்டில், தாமே நாயைப் பழக்கியவர்கள் கதவுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். கேள்வி முறை பயணிக்கு மதிப்பளிக்கிறது. ஆனால் பொய் சொல்பவர்களும் அதில் புகுந்துவிடலாம்.

என்னைக் கேட்டால், உங்கள் கையில் இருக்கும் நம்பகமான அளவுகோல் நாயின் நடத்தையே. பயிற்சி பெற்ற நாய் ஏறியவுடன் இருக்கைக்கு அடியிலோ உரிமையாளரின் கால்களுக்கு இடையிலோ உடலைச் சுருக்கிப் படுத்துக்கொள்ளும்; குரைக்காது, மற்றவர்களின் பைகளை முகராது, இருக்கையில் ஏறாது, உணவு கீழே விழுந்தாலும் எழாது. பல்லைக் காட்டி உறுமுகிற, ஆட்கள்மேல் பாய்கிற, உரிமையாளரால் அடக்க முடியாத, வண்டிக்குள் அசுத்தம் செய்கிற நாயை, அது எந்த மேலங்கியை அணிந்திருந்தாலும், இறக்கிவிடச் சொல்லலாம். அப்போதும் உரிமையாளர் நாயின்றிப் பயணத்தைத் தொடர விரும்பினால் அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். மேலங்கியும் அட்டையும் இணையத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும் ஒழுக்கத்தை அப்படி வாங்க முடியாது.

இன்னொன்றையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயணி நலமாகத் தெரிகிறார் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். செவித்துணை நாயுடன் வருபவரின் கண்களில் எந்தக் குறையும் தெரியாது. அழைப்பு மணி, எச்சரிக்கை ஒலி போன்றவற்றை அவருக்காகக் கேட்டு, அவரைத் தொட்டு உணர்த்துவது அந்த நாயின் வேலை. வலிப்பு வரும்போது உரிமையாளரின் அருகிலேயே இருந்து பிறரை உதவிக்கு அழைக்கவும், இரத்தச் சர்க்கரை இறங்குவதை வாடையால் உணர்ந்து எச்சரிக்கவும் பழக்கப்பட்ட நாய்களும் இருக்கின்றன.

கேள்வி: என் மகளுக்கு நாய் ஒவ்வாமையால் மூச்சுத்திணறல் வருகிறது. அவளுடைய உரிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பதில்: பேச வேண்டும். உங்கள் மகளின் மூச்சுத்திணறல் எந்த வகையிலும் சிறிய விஷயமன்று. தீவிரமான ஒவ்வாமையே சில நாடுகளின் சட்டத்தில் மாற்றுத்திறனாகக் கருதப்படக்கூடும். ஆனால் இரண்டு பயணிகளில் ஒருவரை வெளியேற்றுவது இதற்குத் தீர்வாகாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் உமிழ்நீரிலும் உதிரும் தோல் துகள்களிலும் இருக்கின்றன. ஆகவே இடைவெளியும் காற்றோட்டமும் பெரிதும் உதவும். தொடர்வண்டியில் வேறு பெட்டிக்கு மாற்றலாம். பேருந்தில் ஒருவரை முன்பகுதியிலும் மற்றவரைப் பின்பகுதியிலும் அமர்த்தலாம். விமானத்தில் வரிசைகளைத் தள்ளிக் கொடுக்கலாம். முன்பதிவு உள்ள பயணமாக இருந்தால், மகளின் நிலையை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். நாயை நாள்தோறும் சீவிவிடுவதும் முறையாகக் குளிப்பாட்டுவதும் உரிமையாளரின் கடமை; அதைப் பொறுப்புள்ள உரிமையாளர்கள் செய்கிறார்கள்.

ஓட்டுநருக்கே ஒவ்வாமை இருந்தால் என்ன செய்வது என்பதற்குப் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தெளிவான விடை தருகிறது. அங்கே வாடகைக் கார் ஓட்டுநர்கள் துணை நாயை ஏற்றியே ஆக வேண்டும். அதற்கெனக் கூடுதல் கட்டணமும் கேட்கக் கூடாது. மருத்துவக் காரணம் உள்ளவர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் விலக்குச் சான்று பெற்று அதைக் காரில் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். “எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று சாலையோரத்தில் வாயால் சொல்வது போதாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது: உண்மையான ஒவ்வாமை உள்ளவர் காக்கப்படுகிறார், சாக்குச் சொல்பவருக்கு இடமில்லை.

கேள்வி: வழிகாட்டி நாயைக் கண்டால் தடவிக் கொடுக்க ஆசையாக இருக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். கைப்பிடி வார் பூட்டியிருக்கும்வரை அது வேலையில் இருக்கிறது. தடவுவது, அழைப்பது, உண்ணக் கொடுப்பது, கண்ணோடு கண் பார்த்துச் சிரிப்பதுகூட அதன் கவனத்தைத் திருப்பும். நடைமேடையின் விளிம்பில் ஒரு நொடிக் கவனக்குறைவு போதும். உரிமையாளருக்கு உதவ விரும்பினால் அவரிடம் பேசுங்கள். வாரையோ கயிற்றையோ பிடித்து இழுக்காதீர்கள்.

கேள்வி: திறன்பேசியும் வெண்கோலும் இருக்கும்போது நாய் எதற்கு? வசதியுள்ள சிலருக்காக எல்லோரும் விதியை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: பார்வையற்றவர்களில் மிகச் சிறிய பகுதியினரே நாயைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. வெண்கோல் பலருக்குப் போதுமானது. சிலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கோல் தடையைத் தொட்டபின் அறிவிக்கிறது. நாய் தடையைத் தொடவிடாமலேயே சுற்றிக் கடக்க வைக்கிறது, தலைக்கு நேரே தாழ்ந்து நிற்கும் பலகையையும் கருத்தில் கொள்ளப் பழக்கப்படுகிறது. கூட்டத்துக்கு நடுவே வண்டியின் கதவையும், உள்ளே காலி இருக்கையையும் தேடிக் கொடுக்கிறது. திறன்பேசி வழி சொல்லும். குழியைச் சுற்றி நடத்திப் போகாது.

நாயே போகுமிடம் அறிந்து கூட்டிச் செல்கிறது என்ற தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. எந்தத் தடம், எந்தத் திருப்பம், எந்த நிறுத்தம் என்பதை மனிதரே மனத்தில் வைத்துக்கொண்டு கட்டளையிடுகிறார். சாலையைக் கடக்கும் நேரத்தையும் அவரே வாகன ஓசையைக் கேட்டுத் தீர்மானிக்கிறார். சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல் பிரித்தறியும் கண்கள் நாய்க்கு இல்லை. ஆனால் அவர் “நட” என்று சொன்ன பிறகும் வாகனம் குறுக்கே வந்தாலோ முன்னே பள்ளம் இருந்தாலோ நாய் கீழ்ப்படிய மறுத்து நின்றுவிடும். கட்டளையை மீற வேண்டிய நேரத்தை அறிவதுதான் அதன் பயிற்சியிலேயே கடினமான பகுதி. குட்டிப் பருவத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்து, பேருந்து, நிலையம், கூட்டம் எல்லாவற்றுக்கும் பழகி, பிறகு மாதக்கணக்கில் முறையான பயிற்சி பெற்று, இறுதியில் உரிமையாளரோடும் சேர்ந்து பயின்ற பிறகே இந்த நம்பிக்கை உருவாகிறது. எண்ணிக்கை குறைவு என்பது மறுப்பதற்கான காரணமாக இருக்க முடியாது. எத்தனை பேருக்குத் தேவை என்று எண்ணிப் பார்த்துத்தான் கதவைத் திறப்போம் என்றால், சாய்தளம் எதுவும் எங்கும் கட்டப்பட்டிருக்காது.

கேள்வி: எனக்குக் கடுமையான மனச்சோர்வு உண்டு. என் வளர்ப்பு நாய் அருகில் இருந்தால்தான் வெளியே வரத் துணிகிறேன். அதற்கும் இந்த அனுமதி பொருந்துமா?

பதில்: உங்களுக்கு உவப்பில்லாத பதிலைத் தர வேண்டியிருக்கிறது. உங்கள் துயரத்தை நான் ஐயுறவில்லை; நாய் தரும் ஆறுதலையும் ஐயுறவில்லை. ஆனால் பெரும்பாலான விதிகள் வேறுபடுத்திப் பார்ப்பது இதைத்தான்: அருகில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் விலங்கு ஒருபுறம், குறிப்பிட்ட பணியைச் செய்யப் பயிற்சி பெற்ற விலங்கு மறுபுறம். மனநலக் காரணங்களுக்காகப் பயிற்சி பெற்ற நாய்களும் உண்டு. பதற்றம் தொடங்கும்போது அதை உணர்ந்து உடலோடு சாய்ந்து அழுத்தம் கொடுப்பது, கூட்டத்திலிருந்து வெளியேறும் வழிக்கு உரிமையாளரை நடத்திச் செல்வது, மருந்து நேரத்தை நினைவூட்டுவது போன்றவற்றைச் செய்யும் நாய் துணை நாயாகவே ஏற்கப்பட வேண்டும். மனநோயைக் காரணம் காட்டி அதைக் கீழான வகையாக நடத்துவது தவறு.

இந்த எல்லைக்கோடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அமெரிக்க விமானங்களின் அனுபவமே போதிய விளக்கம். ஆறுதல் தரும் விலங்குகளையும் துணை விலங்குகளுக்கு இணையாக ஏற்ற காலத்தில், பயிற்சியற்ற பலவகை விலங்குகள் பயணியர் பகுதிக்குள் வந்தன; அவற்றால் துணை நாய்களும் அவற்றின் உரிமையாளர்களும் துன்பப்பட்டனர். அங்கே 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, பணிக்கெனப் பயிற்சி பெற்ற நாய்களை மட்டுமே துணை விலங்குகளாக ஏற்குமாறு வரையறுத்தது. மனநலத் துணை நாய்களை மற்ற துணை நாய்களுக்குச் சமமாகவும் வைத்தது. உங்கள் நாயின் இயல்பு பொருந்துமானால், அதற்கு முறையான பயிற்சி கொடுக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடமும் ஒரு பயிற்சியாளரிடமும் கலந்து பேசுங்கள். அதுவரை, வளர்ப்புப் பிராணிகளுக்கான பொது விதிகளின்படி அதைக் கூட்டிச் செல்லலாம். பல தொடர்வண்டிகளில் அதற்கு இடமுண்டு. துணை நாய் என்று பொய் கூறி மட்டும் ஏற்றாதீர்கள். பயிற்சியற்ற நாய் ஒன்று வழிகாட்டி நாயைக் கடித்துவிட்டால், அந்த நாய் பயந்து, பணியே செய்ய இயலாமல் போகக்கூடும். அதோடு ஒரு மனிதரின் நடமாட்டமும் நின்றுபோகும்.

கேள்வி: எனக்கு நாய் என்றாலே நடுக்கம். சிறுவயதில் கடிபட்டிருக்கிறேன். நான் என்ன செய்வது?

பதில்: நடத்துநரிடமோ உரிமையாளரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். தள்ளி அமர இடம் கேட்பதில் குற்றமில்லை. நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் உரிமையாளரே சொல்லிவிடுவார். கூச்சலிட்டு அதை இறக்கச் சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: போக்குவரத்து நிர்வாகத்தில் பணியாற்றுகிறேன். அனுமதி ஆணையைத் தயாரிக்கும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். “துணை விலங்குகள் அனுமதிக்கப்படும்” என்ற ஒரு வரிக்கு மேல் என்ன எழுத வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி. அந்த ஒரு வரியோடு நின்றுபோன ஆணைகளால்தான் இந்தப் பகுதிக்கு இத்தனை கடிதங்கள் வருகின்றன.

முதலில் கட்டணம். நாய்க்குத் தனிப் பயணச்சீட்டு கிடையாது என்பதை எழுத்தில் வையுங்கள். முன்பதிவைக் கட்டாயமாக்காதீர்கள், நெடுந்தூரப் பயணத்தில் தக்க இடம் ஒதுக்குவதற்காக முன்னறிவிப்பைக் கேட்கலாம், ஆனால் அறிவிக்காமல் வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாய்ப்பூட்டு மாட்டச் சொல்லும் பொது விதி உங்களிடம் இருந்தால் அதிலிருந்து துணை நாய்களுக்கு விலக்களியுங்கள். கீழே விழுந்த சாவியை எடுத்துத் தருவதற்கும், கதவில் கட்டிய கயிற்றை இழுப்பதற்கும் உடலியக்கத் துணை நாய்க்கு வாய் வேண்டும்.

அடுத்தது இடம். நாய் படுக்கத் தேவையானது தரைப் பரப்பு. முன்னுரிமை இருக்கைகளில் காலடி அகலமாக உள்ள ஒன்றைக் குறித்து வையுங்கள். சக்கர மேட்டுக்கு மேலுள்ள இருக்கையும் இயந்திரச் சூடு ஏறும் தரையும் பயன்படா. நடைபாதையில் வால் நீண்டுகிடக்கும் நிலை ஏற்பட்டால் மிதிபடும், நாயும் அஞ்சும். நகரும் படிக்கட்டு மட்டுமே உள்ள நிலையம் ஆபத்தானது, ஏனெனில் அதன் பல் இடுக்குகளில் நாயின் நகமும் பாதமும் சிக்கிக்கொள்ளலாம். மின்தூக்கியோ சாதாரணப் படிக்கட்டோ எங்கே இருக்கிறது என்பதைக் குரல் அறிவிப்பிலும் தொட்டறியும் வரைபடத்திலும் சேருங்கள். பெரிய நிலையங்களில் நாய் சிறுநீர் கழிக்க ஒரு மூலையையாவது ஒதுக்கி, கழுவத் தண்ணீரும் வையுங்கள். நிறுத்தங்களின் பெயர்களைக் குரலில் அறிவிப்பது இதோடு தொடர்பில்லாததாகத் தோன்றலாம். நாய்க்கு நிறுத்தத்தின் பெயர் தெரியாது, இறங்குமிடத்தை அறிய வேண்டியவர் பயணியே.

மூன்றாவதாகப் பணியாளர் பயிற்சி. ஒரு சுற்றறிக்கை போதாது. வழிகாட்டி நாய் வைத்திருக்கும் இருவரையோ மூவரையோ பணிமனைக்கே அழைத்து, ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பார்க்க வண்டியில் ஏறி இறங்கச் செய்யுங்கள். நேரம் தந்ததற்காக அவர்களுக்கு ஊதியமும் கொடுங்கள். கேட்கலாம், கேட்கக் கூடாது என்பவற்றை ஓர் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சக பயணி எதிர்ப்புத் தெரிவித்தால் நடத்துநர் என்ன சொல்ல வேண்டும் என்ற வாசகத்தையும் அதில் சேருங்கள். அந்த நெருக்கடியான நொடியில் சொற்கள் கிடைக்காமல்தான் பலர் எளிதான வழியாக நாயை இறக்கிவிடுகிறார்கள்.

செயலி வழியாக அழைக்கும் வாடகைக் கார்கள் உங்கள் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வருமானால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். பயணியின் அருகே வந்து நாயைக் கண்டவுடன் பயணத்தை நீக்கிவிட்டுப் போய்விடும் ஓட்டுநரைப் பார்வையற்ற பயணியால் அடையாளம் காட்ட முடியாது. ஆகவே அத்தகைய நீக்கங்களைப் பதிவுசெய்து விசாரிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வையுங்கள். இறுதியாக, முறையீட்டுக்கு ஒரு தொலைபேசி எண்ணும், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானால் படிக்கக்கூடிய இணையப் படிவமும், பதில் தருவதற்கான கால வரம்பும் ஆணையிலேயே இருக்கட்டும். ஆணையின் வரைவை வெளியிடுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள். எந்த இடத்தில் கதவு சாத்தப்படும் என்பதை அவர்கள் முதல் வாசிப்பிலேயே சொல்லிவிடுவார்கள்.